கல்வி அதிகாரிக்குப் போட்ட குலவை

விசில் சத்தம் கேட்டதும் கத்த வேண்டும் என்பது ஏற்பாடு. விசில் சத்தம் கேட்டது. கத்தினோம். அதுவரைக்கும் எங்கள் பக்கம் ஒரு தப்பும் கிடையாது.

இடம், கல்வி அலுவலகத்து வாசல். சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முந்தி. அதிகாரி படியிறங்கி வந்துகொண்டிருந்தார். நெட்டையான மனிதர். எதிரே புனே தாபோடி தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் நாங்கள் நான்கைந்து பேர், பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் உள்ளூர் கேபிள் டிவிக்காரர் காமிராவைத் தோளில் ஏற்றிவிட்டார். எங்களில் மூத்தவரான காந்திமதி டீச்சர் கையை வாய்க்கு முன்னால் கொண்டுபோனார். நானும் கொண்டுபோனேன்.

அப்புறம் ஒரு சத்தம் போட்டோமே, அதைப் பற்றித்தான் இந்த வாரம். போன வாரம் ரயிலில் ஊறுகாய் ஜாடி உடைந்ததை எழுதினதற்கே என் தம்பி திருநெல்வேலியிலிருந்து போன் போட்டு, "ஏக்கா, குடும்ப மானத்த வாராவாரம் விக்கியே" என்றான். இந்த வாரம் அவன் போனை நான் எடுப்பதாக இல்லை.

நல்ல டீ வந்த நாள்

பொன்னுத்தாயி எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா. இந்த ஊரில் ஆயாவை மாவுஷி என்பார்கள், மராத்தியில் சித்தி என்று அர்த்தம். எங்கள் பிள்ளைகளுக்கும் அவள் மாவுஷிதான். "டீச்சர், ஜல்தி வாங்க, மாவுஷி கல்லில நின்னு சில்லாயிக்கிறாங்க" என்று ஒரு பிள்ளை ஓடிவந்து சொன்னால், சீக்கிரம் வாருங்கள், மாவுஷி சந்தில் நின்று கத்துகிறார் என்று பொருள். இதைத் தமிழ் என்று நம்பித்தான் எங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

பொன்னுத்தாயியைத் தங்கமானவள் என்று நான் எழுதினால் அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள். தலைமையாசிரியர் பிரேயரில் பேசிக்கொண்டிருக்கும்போதே, "சார், நேரமாச்சு" என்று மணியடித்துவிடுவாள். மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் ஃபேனுக்கு நேர் கீழே படுத்துவிடுவாள், நாங்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். அவள் போடும் டீயை ஒருமுறை குடித்த இன்ஸ்பெக்டர், மறுமுறை வந்தபோது தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார்.

ஆனால் காலையில் அவள் ஒரு காரியம் செய்வாள். ரயில் லைனை ஒட்டிய வரிசை வீடுகளுக்குக் கையில் ஒரு நைலான் கயிற்றோடு போவாள். அந்த வீட்டு அம்மாக்கள் விடியும்போதே கம்பெனி வண்டியேறி, சிலர் ஹிஞ்சேவாடிக்கு ஆபீஸ் கூட்டிப் பெருக்கவும், சிலர் கராடிக்கு அடுக்குமாடி வீடுகளில் சப்பாத்தி போடவும் போயிருப்பார்கள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும். ஆளுக்கொரு முடிச்சைப் பிடிக்கச் சொல்லி, ரயில்வே கேட் தாண்டி, மெயின் ரோடு தாண்டி, வழியில் வருகிற ரிக்‌ஷாக்காரனையெல்லாம் வைதுகொண்டே கூட்டி வருவாள். அவள் போகவில்லை என்றால் அந்தப் பிள்ளைகள் வராது. அம்மாக்கள் விடமாட்டார்கள். எந்த அம்மா விடுவாள்?

இப்படி இருக்கும்போதுதான் மேலேயிருந்து உத்தரவு வந்தது. சிக்கன நடவடிக்கையாம். எங்களைப் போன்ற சின்னப் பள்ளிக்கூடங்களில் ஆயா வேலை இனி கிடையாது. இந்த மாதத்தோடு சரி.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆயா போனால் சின்னப் பிள்ளைகள் வராது. பிள்ளைகள் வராவிட்டால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் டீச்சர் உபரி என்பார்கள். முதலில் மாவுஷி, அப்புறம் டீச்சர், கடைசியில் கேட்டுக்குப் பூட்டு. இது இந்த ஊரில் பல பள்ளிக்கூடங்களுக்கு நடந்திருக்கிறது.

பொன்னுத்தாயி வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் சம்பளம். புருஷனுக்கு ஃபாக்டரியில் கான்ட்ராக்ட் முடிந்து, வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிற வேலை. மகன் டிப்ளமோ படிக்கிறான். உத்தரவைப் படித்துக் காட்டினபோது அவள் அழவில்லை, கத்தவுமில்லை. கேட்டுவிட்டு டீ போடப் போனாள். அன்றைக்கு டீ நன்றாக இருந்தது. இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரை அளவாகப் போட்டு, கல்யாண வீட்டு டீ மாதிரி. அதைக் குடித்த பிறகுதான் எங்கள் எல்லாருக்கும் பயம் வந்தது.

ஜாதவ் சாரும் ஒரு ஏகாதசியும்

எங்கள் ஆசிரியர் சங்கத்தின் வட்டாரச் செயலாளர் ஜாதவ் சார். மராத்திப் பள்ளியில் பூகோளம் எடுக்கிறார். மைக் இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல். நல்ல மனிதர், உழைப்பாளி, யார் வேலை போனாலும் தன் வேலை போன மாதிரி துடிப்பார். ஒரே குறை, தனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துக்கொள்வார்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் சம்பள பாக்கிக்காகத் தொடர் உண்ணாவிரதம் நடந்தது. ஒவ்வொரு நாள் ஒவ்வொரு பள்ளிக்கூடம். எங்கள் முறை ஆஷாட ஏகாதசியன்று வந்தது. கூடவே இருக்கிறேன் என்று ஜாதவ் சாரும் வந்து உட்கார்ந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்த நாங்கள் உண்ணாவிரதம் என்றால் உண்ணாமல் இருப்பது என்று நினைத்தவர்கள். காந்திமதி டீச்சர் எச்சிலைக்கூட யோசித்து யோசித்துத்தான் முழுங்கினார்.

பத்து மணிக்கு ஜாதவ் சார் வீட்டிலிருந்து ஒரு தூக்கு வந்தது. ஜவ்வரிசி கிச்சடி. மேலே வேர்க்கடலைப் பொடி, பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல், தயிர். அவர் பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பித்தார். நான் பதறிப்போய், "சார், உபவாசம்" என்றேன். "ஆமா மேடம், உபவாசம்தான்" என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். ஏகாதசியில் இதெல்லாம் உபவாசச் சாப்பாடாம். மத்தியானம் வடை வந்தது. அதுவும் ஜவ்வரிசி, ஆகவே அதுவும் உபவாசம். நாலு மணிக்கு வாழைப்பழம், பேரீச்சம்பழம், பால். சாயங்காலம் காந்திமதி டீச்சர் மயக்கம் போட்டு விழுந்தபோது ஜாதவ் சாருக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஏன் மேடம், நீங்க உபவாசம் சாப்பிடலையா?" என்று கேட்டார்.

அவர் அப்படிப்பட்டவர். போராட்டம் என்றால் கொடியும் கோஷமும் மட்டும் போதாது அவருக்கு. தட்டைக் கரண்டியால் அடித்திருக்கிறோம். மணியடித்திருக்கிறோம். ஒருமுறை அலுவலகத்து வாசலில் பூட்ஸ் பாலிஷ் போட்டோம், என் பங்குக்கு வந்தது ஒற்றைச் செருப்பு.

வாயில் அடித்துக்கொள்ள மாட்டோம்

பொன்னுத்தாயி விஷயத்துக்கு ஜாதவ் சார் தேர்ந்தெடுத்தது 'போம்பாபோம்ப்'. ஹோலிப் பண்டிகையில் தீயைச் சுற்றி மராத்திக்காரர்கள் புறங்கையால் வாயில் அடித்துக்கொண்டு ஓவென்று கத்துவார்கள், பார்த்திருப்பீர்கள். அதையே அரசாங்க ஆபீஸ் வாசலில் செய்தால் போராட்டம். நிர்வாகம் செத்துவிட்டது, ஊரே கேளுங்கள் என்று அர்த்தம். "எல்லாப் பள்ளிக்கூடத்து ஆள்களும் வருவார்கள், பேனரோடு டெம்போவில் நான் வருவேன், விசில் ஊதினதும் கத்துங்கள்" என்று ஜாதவ் சார் போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னேன். காந்திமதி டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"ஏட்டி சரசு, வாயிலயும் வயித்துலயும் அடிச்சுக்கிடறது எங்க?"

"எழவு வீட்ல அக்கா."

"இப்ப இங்க யாரு செத்திருக்கா? பொன்னுத்தாயி வேல இன்னும் உசுரோடதான இருக்கு? நாமளே போய் வாயில அடிச்சோம்னா அது நெசமாவே போயிரும். நான் வரமாட்டேன்."

டீச்சரின் சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். சகுனம் என்று வந்துவிட்டால் அவர் முன்னால் சங்கமும் நிற்காது, சட்டமும் நிற்காது. "சத்தம் போடாம எப்படிக்கா?" என்றேன்.

"சத்தம் போட மாட்டேன்னா சொன்னேன்? வாய்க்கு முன்னால கைய வைக்கணும், தொலவுக்குக் கேக்கணும், அவ்வளவுதான? குலவ போடுவோம். நல்ல சத்தம். போன வேலயும் திரும்பி வரும். மராத்திக்காரனுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போவுது?"

யோசித்துப் பார்த்தேன். எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. மற்ற டீச்சர்களுக்கும் பட்டது. எங்களில் பாதிப் பேருக்கு வாயில் அடித்துக்கொண்டால் லிப்ஸ்டிக் கலையும் என்கிற கவலையும் இருந்தது.

ஸ்கூல் விட்டதும் பின்பக்கத்து மைதானத்தில் ஒத்திகை பார்த்தோம். குலவை போடப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் நாக்கு மறக்காது. முதலில் கூச்சமாக வந்தது, அப்புறம் கணீரென்று வந்தது. பின்வீட்டு மாரியப்பன் சுவரின் மேல் தலையை நீட்டி, "எந்தப் புள்ள டீச்சர் சமஞ்சிருக்கு? ஒரு வார்த்த சொல்லலியே" என்றார். காந்திமதி டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்து, "நம்மாளு, அதான் தெரியுது" என்றார்.

கறுப்புப் பட்டை குத்திக்கொள்ள வேண்டும் என்றும் சங்கம் சொல்லியிருந்தது. அதுவும் ஆகாது என்றுவிட்டார் காந்திமதி டீச்சர். மஞ்சள் ரிப்பன் வாங்கிவந்து எல்லாருக்கும் குத்திவிட்டார். அதிகாரியைப் பார்க்கப் போவதால் பட்டுப்புடவை. புடவைக்குத் தக்க பூ. பொன்னுத்தாயியையும் கூட்டிப் போயிருக்கலாம். ஆனால் பிள்ளைகளை யார் பார்ப்பது? அவளைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டுப் போனோம்.

விசில்

இப்போது மறுபடி அந்த வாசலுக்கு வருகிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே சங்கத்து ஆள் ஒருவர்கூட இல்லை. ஜாதவ் சாருக்குப் போன் போட்டால், ஹிஞ்சேவாடிக் கம்பெனி வண்டிகள் அடைத்துக்கொண்டதில் டெம்போ மேம்பாலத்தில் நிற்கிறதாம். பேனர் டெம்போவில். கொடி டெம்போவில். கோஷம் போடுகிற ஆள்கள் அத்தனை பேரும் டெம்போவில். "நான் வந்துதான் விசில் ஊதுவேன், அதுவரைக்கும் சும்மா நில்லுங்க" என்றார். நின்றோம். ஜாதவ் சார் சொல்லிவைத்திருந்த கேபிள் டிவிக்காரர் மட்டும் வந்திருந்தார்.

அதிகாரி பதவிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. யாரையும் முகம் தெரியாது. சாப்பிடப் போகிறாரோ என்னவோ, படியிறங்கி வந்தார். அதே சமயம் பார்த்து, சிக்னலில் நின்ற டிராஃபிக் போலீஸ்காரர் ஹெல்மெட் இல்லாத எவனையோ பார்த்து நீளமாக விசில் அடித்தார்.

காந்திமதி டீச்சருக்கு விசில் என்றால் விசில்தான்.

நாங்கள் போட்ட குலவையில் மரத்துக் காக்காயெல்லாம் பறந்துபோயிற்று. அதிகாரி நின்றார். எங்களைப் பார்த்தார். பட்டுப்புடவை, பூ, மஞ்சள் ரிப்பன், மங்கலமான சத்தம். எங்கள் முகத்தில் சிரிப்பு வேறு. குலவை போடும்போது சிரிக்காமல் இருக்க முடியாது, வாய் அமைப்பு அப்படி. அவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையையும் கூப்பினார். காமிரா பக்கம் திரும்பி, "குழந்தைகளின் நலனுக்காக நான் எடுத்த முடிவை ஆசிரியர்களே வந்து வரவேற்பது மனசுக்கு நிறைவாக இருக்கிறது" என்று மராத்தியில் அழகாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஜாதவ் சாரின் டெம்போ அப்புறம்தான் வந்தது. கேபிள்காரர் பதிவைப் போட்டுக் காட்டினார். சார் பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார். அந்தக் குரலில் ரகசியம் பேச முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மேடம், இது போராட்டமா, மாப்பிள்ளை அழைப்பா?"

எனக்கா போட்டிய

சாயங்காலம் ஆறு மணிச் செய்தியில் வந்துவிட்டது. 'சிக்கன நடவடிக்கைக்குத் தமிழ் ஆசிரியைகள் பாரம்பரிய முறையில் வரவேற்பு.' தாபோடியில் வாட்ஸ்அப் இல்லாத தமிழ் வீடு கிடையாது. நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வீடியோ எனக்கே நாலு பேரிடமிருந்து வந்திருந்தது. ஒருவர் பூங்கொத்துப் படம் வேறு சேர்த்திருந்தார்.

அடுத்து வந்தது பொன்னுத்தாயி. கையில் போன். அவளைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் பால் வாங்கப் போய்விட்டார். ஃபிரிட்ஜில் இரண்டு பாக்கெட் இருந்தது.

"நல்லா இருக்கு டீச்சர்" என்றாள். கத்தவில்லை. "என் வேல போனதுக்குப் பட்டுடுத்திப் பூவச்சு குலவ போட்டிருக்கிய. காந்திமதி டீச்சர் மொகத்துல என்னா சந்தோசம். நான் போடுத டீ அம்புட்டா கசக்கு?"

அவள் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை. ரிக்‌ஷாக்காரன் அவள் காலில் வண்டியை ஏற்றினபோதுகூட அவன்தான் அழுதான். சகுனம், எழவு, டெம்போ, டிராஃபிக் போலீஸ் என்று முன்னும் பின்னுமாகச் சொல்லித் தீர்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. காந்திமதி டீச்சருக்குப் போன் போட்டு வரச்சொன்னேன். அவர் வந்து பொன்னுத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் வேல நெலைக்கணும்னுதாம்ட்டி போட்டேன்" என்று விசும்ப ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து நானும் ஒரு பாடு அழுதேன்.

முதலில் மூக்கைச் சிந்தியது பொன்னுத்தாயிதான்.

"சரி. நல்லது நடக்கதுக்குத்தான குலவ போட்டிய?"

"ஆமா."

"நல்லது நடந்தபெறவுதான் குலவ போடுவாவ. நீங்க முந்திப் போட்டுட்டிய. இப்ப நடந்தாவணும். தாலி கட்டாம குலவ மட்டும் போட்டுட்டு வந்தா ஊரு சிரிக்கும்லா. அந்த ஆபீசரு என்ன முடிவு எடுத்தேன்னாரு?"

"குழந்தைங்க நலனுக்காக எடுத்த முடிவுன்னாரு."

"என்னய வேலய விட்டு எடுக்கேன்னு சொன்னாரா?"

வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தோம். சொல்லவில்லை. முடிவு என்றார், நலன் என்றார். என்ன முடிவு என்று அவர் வாயால் எங்கேயும் சொல்லவில்லை.

சால்வை, தேங்காய், மாலை

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எதற்கெடுத்தாலும் ஒருவரைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தி, தேங்காய் கொடுத்து சத்கார் செய்வார்கள், மரியாதை செய்வது. பையன் பத்தாவது பாஸ் பண்ணினால் அப்பாவுக்குச் சால்வை. தெருவில் குழாய் வந்தால் கவுன்சிலருக்குச் சால்வை. ஒரு கூட்டத்துக்குத் தவறுதலாக முன்கூட்டியே போய்விட்டேன் என்று எனக்கே ஒரு சால்வை போர்த்தியிருக்கிறார்கள். சால்வை போர்த்த வந்தவரிடம் வேண்டாம் என்று சொன்ன மனிதர் இன்னும் புனேயில் பிறக்கவில்லை.

ஜாதவ் சாரிடம் அதிகாரிக்குச் சால்வை போர்த்துகிற யோசனையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் போனை நான் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

அந்த வாரத்திலேயே போனோம். இந்த முறை டெம்போ எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது. லீவு போட்டுவிட்டு அம்மாக்கள் வந்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு முழுக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தது. கேபிள்காரரைக் கூப்பிடக்கூட வேண்டியிருக்கவில்லை, அவரே வந்துவிட்டார். அதிகாரியின் அறையில் கால் வைக்க இடமில்லை.

ஜாதவ் சார் தொண்டையைச் செருமினார். "தமிழ்ப் பள்ளியின் மாவுஷி வேலை தொடரும் என்று குழந்தைகளின் நலனுக்காக முடிவெடுத்த மாண்புமிகு சாஹேப் அவர்களுக்கு..." என்று ஆரம்பித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அதிகாரி தன் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் ஃபேனைப் பார்த்தார். அதற்குள் சால்வை தோளில் விழுந்துவிட்டது, தேங்காய் கைக்குப் போய்விட்டது. அவர் என் பக்கம் சாய்ந்து, உதட்டை அசைக்காமல், "மேடம், எந்த முடிவு?" என்று கேட்டார்.

நானும் உதட்டை அசைக்காமல் சொன்னேன். "அன்னைக்கு டிவியில சொன்னீங்களே சார், அதே முடிவுதான்."

மாலையோடு பொன்னுத்தாயி முன்னால் வந்தாள். அவள் குட்டை, அவர் நெட்டை. எக்கிப் பார்த்தாள், எட்டவில்லை. மாலையைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றாள். காமிரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிய வேண்டும். குனியவில்லை என்றால் நாங்கள் தேங்காயைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவர் அவளைப் பார்த்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். அதில் ஒன்று அவர் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டை நக்கிக்கொண்டிருந்தது.

குனிந்தார்.

காந்திமதி டீச்சர் குலவை போட்டார். இந்த முறை யாரும் விசில் ஊத வேண்டியிருக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவர் என்னையும் ஜாதவ் சாரையும் மட்டும் உட்காரச் சொன்னார். "நான் முட்டாள் இல்லை மேடம்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் இல்லை என்று தலையாட்டினோம். "மார்ச் வரைக்கும் நீட்டித்துத் தருகிறேன். அதற்கு மேல் என் கையில் இல்லை" என்று கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அந்தச் சத்தம் நன்றாக இருக்கிறது. டிசம்பரில் என் மகளுக்குக் கல்யாணம். நீங்கள் எல்லாரும் வர முடியுமா?" என்று கேட்டார்.

போனோம். சாப்பாடு பிரமாதம். குலவையைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் முதலில் பயந்தார்கள், அப்புறம் இன்னொரு தடவை போடச் சொன்னார்கள்.

மார்ச்

இதைப் படித்துவிட்டு ஆகா ஜெயித்துவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜாதவ் சார் அதே சால்வையும் தேங்காயுமாக வேறு சில பள்ளிக்கூடங்களுக்கும் முயற்சி பண்ணினார். ஒன்றிரண்டு இடத்தில் எடுபட்டது. மற்ற இடத்தில் சால்வையை வாங்கிக்கொண்டார்கள், வேலையைக் கொடுக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிவர ஒரு ஆள் வேண்டும் என்று கேட்பதற்கு இத்தனை கூத்து அடிக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

மார்ச் மாதம் பிறந்தது. நெட்டை அதிகாரிக்கு மாற்றல் வந்து நாசிக் பக்கம் போய்விட்டார். நீட்டிப்பு முடியப் போகிறது. போன வாரம் புது அதிகாரி வந்து பொறுப்பேற்றார் என்று கேள்விப்பட்டதும் பொன்னுத்தாயி என்னைத் தேடி வகுப்புக்கே வந்தாள். பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கயிற்றை விட்டுவிட்டு உள்ளே ஓடின.

"டீச்சர், புது ஆபீசரப் பாத்தியளா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"உயரமா, குட்டையா?"

"உயரமா இருந்தா என்ன, குட்டையா இருந்தா என்ன?"

"என்ன டீச்சர் நீங்க" என்றாள், ஒன்றாம் வகுப்புக்குச் சொல்வது போலப் பொறுமையாக. "உயரம்னா அவரு குனியணும். குனிஞ்சா ஒத்துக்கிட்டாருன்னு அர்த்தம். குட்டைன்னா மால தன்னால போயி விழுந்திரும். அவரு மனசுல என்ன இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?"